ஒழுகும் செம்புக் குழாய் இணைப்பு: மறுபடி பற்றவைப்பதா, நட்டு போட்டு இறுக்குவதா, புதுக் குழாயே இழுப்பதா?

கோலாலம்பூர், செந்தூலில் என் அக்கா வீட்டு வரவேற்பறைச் சீலிங்கில் முதலில் ஒரு தட்டு அளவுக்குத்தான் மஞ்சள் கறை வந்தது. அதற்கு நேர்மேலே குளியலறை. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது, நானும் அப்போது பினாங்கில் வேலையாக இருந்தேன். வந்த பிளம்பர் சீலிங்கில் ஓட்டை போட்டு, சுடுநீர் போகும் செம்புக் குழாயின் எல்போ (முழங்கை மாதிரி வளைந்த இணைப்புத் துண்டு) ஒழுகுவதைக் கண்டுபிடித்தார். டார்ச்சைக் காட்டிச் சூடாக்கி, மேலே சோல்டரை (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வழிய விட்டு, பலகையை மூடிவிட்டுப் போய்விட்டார். தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியலுக்குப் பதினொரு பேர் வரிசையாகச் சுடுநீரைத் திறந்தார்கள். மத்தியானம், விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலேயே சொட்டத் தொடங்கிவிட்டது.

பிறகு நான் அந்த எல்போவை அறுத்து எடுத்து, நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளியே பளபளவென்று சோல்டர் கட்டிதட்டி நின்றது. உள்ளே, குழாயும் எல்போவும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், பாதிச் சுற்றுக்கு மேல் சோல்டரே ஏறவில்லை. பச்சை பூத்த செம்பும் கருகிய ஃபிளக்ஸும் (பற்றவைக்கும் முன் தடவும் பசை)தான் இருந்தன.

அதற்கப்புறம் செகாம்புட், செராஸ், பிரிக்பீல்ட்ஸ் என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இதே தொல்லையோடு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பிளம்பர் மறுபடி பற்றவைக்கலாம் என்கிறார். இன்னொருவர் நட்டு வைத்த ஃபிட்டிங் (குழாய்களைச் சேர்க்கும் துண்டு) போதும் என்கிறார். வேறொருவர் செம்பையே விட்டுவிட்டு பிபிஆர் என்னும் பிளாஸ்டிக் குழாய் போடச் சொல்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை, தமக்குக் கைவந்த வேலையைச் சொல்கிறார்கள். ஆனால் பணம் கொடுப்பதும், அடுத்த பத்து ஆண்டு அந்தக் குழாயோடு வாழ்வதும் வீட்டுக்காரர். கட்டடப் பராமரிப்பில் 20 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், நான் எப்படி முடிவெடுப்பேன் என்பதை எழுதுகிறேன்.

## ஒழுகுவது இணைப்புதானா?

நம் ஊர் வீடுகளில் செம்பு பெரும்பாலும் சுடுநீருக்குத்தான் இருக்கும். குளிர்நீர்க் குழாய் பழைய இரும்பாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். தொட்டி வைத்த ஹீட்டரிலிருந்தோ, கூரைமேல் உள்ள சூரிய ஒளி ஹீட்டரிலிருந்தோ குளியலறைக்கு இறங்கும் குழாய் மட்டும் செம்பு. அதனால் ஹீட்டருக்குள் போகும் வால்வை மூடிவிட்டு ஓரிரு நாள் பாருங்கள். கறை காயத் தொடங்கினால் தவறு சுடுநீர்ப் பக்கம்.

கூரையில் தண்ணீர்த் தொட்டி உள்ள வீட்டில் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். தொட்டியின் மிதவை இறங்கி வால்வு திறக்கும்போதுதான் மீட்டர் நகரும், சிறு கசிவு தெரியாமல் போய்விடும். தொட்டிக்கு வரும் வால்வை இரவு மூடி, நீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு வீட்டுக்குள் இருக்கிறது.

குழாய் கண்ணில் பட்டதும் பச்சைக் கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபிட்டிங்கின் விளிம்பில் மட்டும் இருந்தால் இணைப்புக் கோளாறு. குழாயின் நடுவிலேயே ஊசிமுனைப் புள்ளிகளாக அங்கங்கே பச்சை இருந்தால், செம்பே உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. அப்படியென்றால் கீழே உள்ள முதல் ஐந்து வழிகளிலும் பணம் போடாதீர்கள், நேராக ஆறாவதுக்குப் போங்கள்.

இன்னொரு கேள்வியையும் நான் எப்போதும் கேட்பேன்: அண்மையில் பம்ப் வைத்தீர்களா? பத்து மீட்டர் உயர நீருக்கு ஒரு பார் அழுத்தம். கூரைத் தொட்டிக்கும் மாடிக் குளியலறைக்கும் மூன்று மீட்டர் உயரம்தான் என்றால் கிடைப்பது 0.3 பார். பாதி பற்றிய இணைப்பு அந்த அழுத்தத்தில் இருபது ஆண்டு கூடத் தாங்கும். ஷவர் வேகமாக வரவேண்டும் என்று 2 பார் பம்பை வைத்தால், அதே இணைப்பின்மேல் ஏறக்குறைய ஏழு மடங்கு அழுத்தம் விழுகிறது. பம்ப் வைத்த சில வாரங்களில் ஒழுகத் தொடங்கிய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே ஓர் இணைப்பைச் சரிசெய்தால் அடுத்த பலவீனமான இணைப்பு காத்திருக்கும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பலரும் முதலில் கேட்பது “எது ரொம்ப ஸ்ட்ராங்?” என்றுதான். ஒழுங்காகச் செய்தால் எல்லா முறையும் வீட்டுக் குழாய்க்குப் போதுமான வலு உடையது. நான் பார்ப்பவை வேறு.

வேலை முடிந்த பிறகு அந்த இடத்துக்குக் கை எட்டுமா என்பதுதான் முதலில். டைல்ஸுக்குப் பின்னால் புதைந்துபோகும் இணைப்புக்கும், சீலிங் பலகையைத் தூக்கினால் தெரியும் இணைப்புக்கும் ஒரே தீர்வு சரிவராது.

அடுத்தது, குழாயை முழுக்க உலர்த்த முடியுமா. சோல்டர் உருக 220 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். குழாய்க்குள் ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தால் அது கொதித்து ஆவியாகும்வரை செம்பு 100 பாகையைத் தாண்டாது. கூரைத் தொட்டியடியில் உள்ள பழைய கேட் வால்வு முழுதாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருப்பது இங்கே சர்வசாதாரணம். பற்றவைப்பில் வரும் தோல்விகளில் பாதிக்கு அந்த வால்வுதான் காரணம் என்பேன்.

அங்கே நெருப்பு காட்டலாமா என்றும் பார்க்க வேண்டும். இரட்டைமாடி வரிசை வீட்டின் கூரைக்குள் மரச்சட்டம், வயர், பறவைக் கூடு, பல ஆண்டுத் தூசி எல்லாம் இருக்கும்.

அப்புறம் குழாயின் அளவு, வட்டம், அசைவு. இரண்டு முனையும் சுவருக்குள் சிமெண்டில் இறுகிவிட்ட குழாயில் நடுவில் ஓர் எல்போவைச் செருகுவதற்கு இடமே இருக்காது. இதை யோசிக்காமல் அறுத்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

கடைசியாகச் செலவு. ஃபிட்டிங் சில வெள்ளி (ரிங்கிட்)தான். உடைத்த டைல்ஸ், மறுபடி போடும் நீர்த்தடுப்புப் பூச்சு, அடுக்குமாடியில் நிர்வாகத்திடம் கட்டும் முன்பணம், வீட்டில் தண்ணீர் இல்லாத நாள்கள், இவைதான் கையைக் கடிக்கும்.

## வழி 1: மறுபடி பற்றவைப்பது

இந்த ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. பிளம்பர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, அக்கா வீட்டில் நடந்த மாதிரி மேலிருந்து பூசி மெழுகுவது. இது வேண்டாம். உருகிய சோல்டர் சுத்தமான செம்பு இருக்கும் இடத்துக்கு மட்டுமே, அந்த மயிரிழை இடைவெளி வழியாக இழுபட்டு ஏறும். ஒழுகிய பாதையில் நீரின் படிவும் பச்சையும் பிடித்திருக்கும், வெளியே தடவும் ஃபிளக்ஸ் அங்கே போய்ச் சேராது. விதிவிலக்கு ஒன்று உண்டு. இன்று காலை பற்றவைத்த இணைப்பு, தண்ணீர் விட்டுச் சோதிக்கும்போதே லேசாகக் கசிந்தால், உடனே உலர்த்தி, ஃபிளக்ஸ் வைத்து இன்னொரு முறை சூடாக்கிப் பார்க்கலாம். மாதக்கணக்கில் ஒழுகியதற்கு இது ஆகாது.

இரண்டாவது, இணைப்பைக் கழற்றி, குழாய் முனையைச் சுத்தம் செய்து, புது ஃபிட்டிங் போடுவது. இதுதான் உண்மையில் மறுபடி பற்றவைப்பது. எல்போவைச் சூடாக்கி, சோல்டர் மினுங்கி இளகியதும் பிடிகருவியால் சுழற்றி இழுக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் கனத்த பருத்தித் துணியால், கையுறை போட்டுக்கொண்டு, குழாய் முனையைத் துடைத்தால் பழைய சோல்டர் மெல்லிய பூச்சாக இறங்கிவிடும். துடைக்காமல் விட்டால் மேடு தட்டி, புது ஃபிட்டிங் உள்ளே ஏறாது. பிறகு மணல் துணியால் தேய்க்க வேண்டும். பழைய எல்போவைத் திரும்பப் போடாதீர்கள், இரண்டு மூன்று வெள்ளிக்காக அந்த அழுக்கு உட்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பது வீண் மெனக்கெடல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்போவுக்கு இரண்டு வாய், T வடிவ இணைப்பான டீக்கு மூன்று. ஒன்றைச் சூடாக்கினால் மற்றவையும் இளகும். ஈரத்துணியைச் சுற்றி மற்ற வாயைக் காப்பாற்றலாம், ஆனால் டீ என்றால் மூன்றையும் கழற்றிப் புதிதாகச் செய்வதே நல்லது. அருகில் வால்வு இருந்தால் உள்ளே உள்ள ரப்பர் வாஷரைக் கழற்றி வைக்காமல் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது.

மூன்றாவது, கெட்ட இணைப்பை இருபுறமும் சில அங்குலம் சேர்த்து அறுத்து எறிந்துவிட்டுப் புதுத் துண்டைச் சேர்ப்பது. குழாய் அசையாத இடத்தில் இதுதான் முடியும். இதற்கு நடுவில் தடுப்பு இல்லாத சாக்கெட் (இரு குழாய் முனைகளைச் சேர்க்கும் நேர் இணைப்பு) வேண்டும். அதை முழுக்கக் குழாய்மேல் தள்ளிவைத்து, துண்டை இடையில் பொருத்தி, பிறகு பாதி தூரம் திருப்பித் தள்ளலாம். எத்தனை தூரம் தள்ளுவது என்று குழாயில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இணைப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் எல்லாமே சுத்தமான செம்பில் அமைகின்றன. எனக்கு இதுதான் பிடித்த முறை.

செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையைக் கொடுப்பவரும் மேற்பார்வை பார்க்க இது உதவும். கட்டரால் நேராக அறுத்து, உள்விளிம்புப் பிசிரை எடுக்க வேண்டும். குழாயின் வெளிப்புறமும் ஃபிட்டிங்கின் உட்புறமும் புது நாணயம் மாதிரி மின்ன வேண்டும். மின்னிய பிறகு விரல் படக்கூடாது. ஃபிளக்ஸ் மெல்லியதாகக் குழாய்மேல் மட்டும். நெருப்பை ஃபிட்டிங்மேல் காட்டி, எதிர்ப்புறத்தில் சோல்டரைத் தொட வேண்டும். செம்பின் சூட்டில் அது தானாக உருகி உள்ளே ஓட வேண்டும். நெருப்பில் நேராக உருக்கிச் சொட்டவிட்டால் அது வெளியே உருண்டையாக நிற்கும். ஃபிளக்ஸ் கருகிவிட்டால் அங்கேயே நிறுத்தி, ஆறவிட்டு, முதலிலிருந்து சுத்தம் செய்ய வேண்டும். 15 மி.மீ. குழாய்க்கு ஏறக்குறைய 15 மி.மீ. நீளச் சோல்டர் கம்பியே போதும். பெரிய கட்டியைப் பார்த்து யாரும் மகிழ வேண்டாம்.

தண்ணீர் சொட்டுவது நிற்கவே இல்லையென்றால் ஒரு பழைய வழி: ஓரத்தை நீக்கிய வெள்ளை ரொட்டியை உருட்டிக் குழாய்க்குள் தள்ளிவிடுவது. அது சில நிமிடம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பிறகு கரைந்து வெளியே வந்துவிடும். குழாய் வாயில் உள்ள வடிகட்டியைக் கழற்றிவிட்டு முதலில் அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஹீட்டருக்குள் போகும் திசையில் இதைச் செய்ய வேண்டாம்.

எந்தச் சோல்டர் என்பதில் கவனம் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் சுலபமாகக் கிடைக்கும் ரோல், ரேடியோ வேலைக்கான ஈயம் கலந்தது. 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். 190 பாகைக்குள்ளேயே உருகிவிடும் என்பதால் கைக்கு இலகுவாக இருக்கும். குடிநீர்க் குழாயில் அதைத் தொடவே கூடாது. அமெரிக்கா 1986-இலேயே சட்டம் போட்டு இதைத் தடை செய்தது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஈயத்துக்கு வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அத்தனை சிறிய அளவு. குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஈயம் இல்லாதது என்று எழுதிய, வெள்ளீயமும் செம்பும் கலந்த ரோலைக் கேட்டு வாங்குங்கள். அது 227 பாகையையொட்டி உருகும், கொஞ்சம் அதிகம் சூடாக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூரைக்குள் வேலை என்றால் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மத்தியானச் சூட்டில் அங்கே நின்று நிதானமாக எதையும் செய்ய முடியாது. குழாய்க்குப் பின்னால் நெருப்புத் தாங்கும் விரிப்பு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், தீயணைப்பான். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஏறிப் பார்க்க வேண்டும், புகைந்துகொண்டிருக்கும் தூசி உடனே தெரியாது.

முடித்ததும் சுடுநீரை நிறைய ஓடவிட்டு உள்ளே உள்ள ஃபிளக்ஸைக் கழுவ வேண்டும், வெளியே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மிச்சம் இருக்கும் ஃபிளக்ஸ் செம்பை அரிக்கும்.

இந்த வழி சிறந்தது எப்போது? இணைப்பு சுவருக்குள் மூடப்படப் போகிறது, குழாய் நல்ல நிலையில் இருக்கிறது, முழுக்க உலர்த்த முடிகிறது, கை பழகிய ஆள் கிடைக்கிறார் என்றால், இதைவிட நான் வேறொன்றைத் தேடமாட்டேன். ரப்பர் இல்லை, இறுக்கம் தளர்வதற்கு ஒன்றும் இல்லை.

## வழி 2: நட்டும் வளையமும் வைத்த பித்தளை ஃபிட்டிங்

நட்டை இறுக்கினால் உள்ளே உள்ள செம்பு வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்வும். நெருப்பு வேண்டாம், ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு ஸ்பானர் போதும். வீட்டுக்காரரே செய்யக்கூடியது இதுதான்.

கையால் இறுக்கிய பிறகு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று, அவ்வளவு போதும். ஒழுகிவிடுமோ என்று பயந்து முழு பலத்தையும் போட்டால் வளையம் கோணி, ஒழுகவே செய்யும். ஃபிட்டிங்கின் உடலை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருப்பாவிட்டால், முறுக்கு மொத்தமும் குழாயில் இறங்கி அடுத்த எல்போவை உடைக்கும். ஓர் ஒழுகலைச் சரிசெய்யப் போய் இரண்டாக்கியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

பழைய சோல்டர் ஒட்டிய இடத்தில் வளையம் உட்காரக் கூடாது. அதைத் தாண்டிச் சுத்தமான, கீறல் இல்லாத இடத்தில் அறுத்துவிட்டு மாட்டுங்கள்.

அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வீட்டுக் குழாய் 15 அல்லது 22 மி.மீ. வெளிவிட்டம். அதே கடையில் தொங்கும் ஏர்கோன் (குளிர்சாதன) செம்புக் குழாயில் ஐந்தெட்டாம் அங்குலம் என்பது 15.88 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஃபிட்டிங் மட்டும் ஏறாது. அறுத்த துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

சுவருக்குள் வைத்துச் சிமெண்ட் பூசும் இடத்தில் இதைப் போடாதீர்கள். சூடும் ஆறலும் மாறி மாறி வரும் குழாயில் நட்டை எப்போதாவது ஒரு கால் சுற்று இறுக்க வேண்டிவரும். சீலிங்குக்கு மேல், சிங்க்குக்கு அடியில், ஹீட்டர் பக்கத்தில் என்றால் இது அருமையான தீர்வு. பின்னொரு நாள் ஹீட்டரை மாற்றும்போது கழற்றவும் முடியும்.

## வழி 3: தள்ளிச் செருகும் ஃபிட்டிங்

குழாயை உள்ளே தள்ளினால் எஃகுப் பற்கள் பிடித்துக்கொள்ளும், ரப்பர் வளையம் நீரைத் தடுக்கும். சில விநாடி வேலை. இரவு பதினொரு மணிக்குக் குழாய் விட்டுவிட்டால் இது கைகொடுக்கும்.

ஆனால் குழாய் முனை வழுவழுப்பாக இருக்க வேண்டும். பிசிரோ பழைய சோல்டர் மேடோ ரப்பரைக் கீறிவிடும், உடனே ஒழுகாமல் ஆறு மாதம் கழித்து ஒழுகும். எத்தனை ஆழம் போக வேண்டும் என்று குழாயில் குறித்துவிட்டுத் தள்ளுங்கள். பெட்டியில் எழுதியுள்ள வெப்ப வரம்பைப் படியுங்கள். சூரிய ஒளி ஹீட்டரில் நல்ல வெயில் நாளில் தண்ணீர் 60 பாகையைத் தாண்டுவது இயல்பு, தொட்டியை ஒட்டிய பகுதியில் பிளாஸ்டிக் ஃபிட்டிங்கை வைக்கவே மாட்டேன்.

கவனிக்காமல் விடப்படும் ஒன்று மின்சாரம் தொடர்பானது. பழைய வீடுகளில் செம்புக் குழாய் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். நடுவில் பிளாஸ்டிக்கை வைத்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஹீட்டரின் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வேலை செய்கிறதா என்றும் அப்போதே சோதித்துவிடலாம். பிளாஸ்டிக் இணைப்பு வைக்கும் எந்த வழிக்கும் இது பொருந்தும்.

## வழி 4: கருவியால் அழுத்தும் ஃபிட்டிங்

மின்கருவியின் தாடை ஃபிட்டிங்கைக் குழாயோடு சேர்த்து நசுக்கிவிடும். நெருப்பில்லை, கொஞ்சம் ஈரம் இருந்தாலும் நடக்கும், வேகமான வேலை. கருவியின் விலை ஆயிரக்கணக்கான வெள்ளி என்பதால், அதை வைத்திருக்கும் குத்தகைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். ஓர் எல்போவுக்கு அவர் வருவாரா என்பதே கேள்வி. டார்ச்சுக்கு அனுமதி கிடைக்காத கொண்டோ அடுக்குமாடியில், நாலைந்து இணைப்புகளை ஒரே நாளில் மாற்ற வேண்டியிருந்தால் கேட்டுப் பாருங்கள். கருவியின் தாடை வடிவமும் ஃபிட்டிங்கின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும்.

## வழி 5: ஏர்கோன்காரரை வைத்துப் பற்றவைப்பது

“ஏர்கோன் அண்ணனிடம் கேஸ் டார்ச் இருக்கிறதே, அவரையே செய்யச் சொன்னால் என்ன?” இது நியாயமான கேள்வி. அவர்கள் பயன்படுத்தும் செம்பு-பாஸ்பரஸ் கம்பி 700 பாகைக்கு மேல் உருகுவது, இணைப்பு மிக உறுதியாக இருக்கும். சிக்கல் எங்கே என்றால், பழைய சோல்டர் ஒட்டிய செம்பில் அந்தக் கம்பி சரியாகப் பிடிக்காது. வெள்ளீயமும் ஈயமும் கலந்து இணைப்பு நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். பழைய இணைப்பை முழுக்க அறுத்துத் தள்ளிவிட்டுச் சுத்தமான செம்பில் செய்தால் மட்டுமே சரி. அத்தனை சூட்டில் குழாயும் இளகி மென்மையாகிவிடும், அக்கம்பக்கத்துச் சோல்டர் இணைப்புகளும் உருகும். கூரைமேல், வெட்டவெளியில், சூரிய ஒளி ஹீட்டரின் பலகையை ஒட்டிய குழாய்க்கு இது பொருத்தமானது. வீட்டுக்குள் சீலிங்குக்கு மேல் வேண்டாம்.

## வழி 6: பழைய செம்பைக் கைவிட்டு பிபிஆர் இழுப்பது

இதைச் சொன்னால் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள், “ஓர் ஒழுகலுக்கு வீட்டையே உடைப்பதா?” என்று. ஆனால் உடைக்காமலும் செய்யலாம். பழைய செம்பைச் சுவருக்குள்ளேயே இரு முனையும் அடைத்து விட்டுவிட்டு, புதுக் குழாயைச் சீலிங்குக்கு மேலும் சுவரின் வெளிப்புறமும் கொண்டுவரலாம். பார்வைக்குச் சுமார்தான். பெட்டி கட்டி மறைக்கலாம். எதிர்காலத்தில் எங்கே ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியும் என்பது பெரிய நிம்மதி.

பிபிஆர் குழாயையும் ஃபிட்டிங்கையும் 260 பாகைச் சூட்டில் சில விநாடி இளக்கி ஒன்றாகச் செருகுவார்கள், இரண்டும் ஒரே பொருளாகிவிடும். பழகியவர்கள் கோலாலம்பூரில் தாராளமாகக் கிடைக்கிறார்கள். குழாயில் ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அங்கீகாரம் இருக்கிறதா, சுடுநீருக்கு உரிய தடிமன் கொண்டதா என்று பார்த்து வாங்குங்கள். குளிர்நீருக்கான மெல்லிய குழாயைச் சுடுநீருக்குப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

விரிவடைவதுதான் இதன் குணக்கேடு. பத்து மீட்டர் குழாயில் நீர் 27 பாகையிலிருந்து 62 பாகைக்குப் போனால் செம்பு 6 மி.மீ. நீளும். சாதாரண பிபிஆர் 5 செ.மீ.க்கு மேல் நீளும். நேராக இழுத்து இறுக்கிக் கிளிப் அடித்தால் பாம்பு மாதிரி வளையும். நடுவில் வளைவுகள் விட்டு, சறுக்கக்கூடிய கிளிப் போடச் சொல்லுங்கள். செம்பும் பிபிஆரும் சந்திக்கும் இடத்தில் பித்தளை மரை உள்ள இணைப்பு வரும். அந்த இடத்தை மட்டும் சுவருக்குள் மறைக்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டாவது முறையாக ஒழுகும் வீட்டில் இது பெரும்பாலும் மலிவாகவே வருகிறது. மூன்று முறை சுவரை உடைத்து மூடுவதற்கும், கிடைக்காமல் போன பழைய டைல்ஸ் நிறத்தைத் தேடி அலைவதற்கும் ஆகும் செலவை யாரும் முன்கூட்டிச் சேர்ப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | நெருப்பு | குழாய் உலர வேண்டுமா | சுவருக்குள் மூடலாமா | கவனிக்காமல் விடும் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| அறுத்துப் புதிதாகப் பற்றவைப்பது | உண்டு | முழுக்க | மூடலாம் | மூடாத கேட் வால்வை மாற்றுவது | நல்ல குழாய், ஒரே ஓர் இணைப்பு கெட்டது |
| நட்டு வைத்த ஃபிட்டிங் | இல்லை | அவ்வளவாக இல்லை | கூடாது | அதிக முறுக்கால் பக்கத்து இணைப்பு விடுவது | சீலிங்குக்கு மேல், ஹீட்டர் பக்கம் |
| தள்ளிச் செருகுவது | இல்லை | அவ்வளவாக இல்லை | தவிர்க்கவும் | எர்த் தொடர்ச்சி, ரப்பர் கீறல் | அவசரம், நெருக்கமான இடம் |
| அழுத்தும் ஃபிட்டிங் | இல்லை | அவ்வளவாக இல்லை | தயாரிப்பாளர் அனுமதித்தால் | ஆள் வரும் கூலி | பல இணைப்புகள், கொண்டோ |
| ஏர்கோன் முறை | கடுமையான நெருப்பு | முழுக்க | மூடலாம் | அருகிலுள்ள சோல்டர் உருகுவது | கூரைமேல் வெட்டவெளி |
| பிபிஆர் | சூட்டுக் கருவி மட்டும் | புது வரிசை என்பதால் கேள்வியில்லை | குழாயை மூடலாம், சந்திப்பைக் கூடாது | மறைப்புப் பெட்டி, விரிவுக்கான இடம் | ஊசித்துளை, இரண்டாவது ஒழுகல், புதுப் பம்ப் |

இரண்டு பகுதியாகக் குழைத்து ஒட்டும் எபாக்சியையும் சுற்றும் டேப்பையும் பட்டியலில் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒழுகினால் திங்கட்கிழமை வரை தாங்க அவை உதவும். அதோடு சரி.

## அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

உங்கள் சீலிங்கில் கறை, குழாயோ மேல்வீட்டுக்காரருடையது என்றால், எந்த ஃபிட்டிங் என்ற பேச்சே பிறகுதான். 2013-ஆம் ஆண்டு ஸ்திராதா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளில் மாடிக்கு மாடி கசிவுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்ததும் 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும். வேறு காரணம் என்று நிரூபிக்கப்படும்வரை, கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். வாய்வார்த்தையாகச் சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்காமல் கடிதம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அந்த அக்கம்பக்கத்து உறவும் முக்கியம்தான். கடிதம் கொடுக்கும் முன் மேலே போய், “அக்கா, உங்கள் குளியலறைக்கு அடியில் ஒழுகுது, வந்து பாருங்களேன்” என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

மேல்வீட்டுக்காரர் நீங்கள் என்றால், வேலைக்கு முன் டார்ச் பயன்படுத்த அனுமதி உண்டா, எந்த நேரத்தில் சுத்தியல் சத்தம் போடலாம் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். டார்ச் கூடாது என்றால் முதல் வழியும் ஐந்தாம் வழியும் தாமாகவே விலகிவிடுகின்றன.

## அக்கா வீட்டில் என்ன செய்தோம்

குழாயின் நடுவில் பச்சைப் புள்ளி எதுவும் இல்லை. பம்பும் வைக்கவில்லை. கெட்டது அந்த எல்போ மட்டும்தான். சீலிங் ஏற்கெனவே திறந்திருந்தது, பின்னாலும் திறக்கலாம். கூரைத் தொட்டியின் கேட் வால்வு மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தது, மேலே பழைய மரச்சட்டம் வேறு. டார்ச்சைக் காட்ட மனம் வரவில்லை. இருபுறமும் சுத்தமான இடத்தில் அறுத்து, நட்டு வைத்த பித்தளை எல்போவையும் இரு பக்கமும் ஒரு சிறு துண்டுச் செம்பையும் போட்டேன். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை, “ஈயம் வைத்தால்தானே கெட்டி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் தினமும் டிஷ்யூ பேப்பரை நட்டில் ஒற்றிப் பார்த்து ஈரமில்லை என்று காட்டிய பிறகுதான் நம்பினார். அந்த வாரத்தில் ஒரு நட்டைக் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது.

சீலிங் ஓட்டையைப் பூசி மூடவில்லை. தச்சர் ஒருவரை வைத்து, வெள்ளைச் சட்டத்தோடு ஒரு சிறு கதவு போட்டோம். தீபாவளிக்கு முந்தின நாள் அதைத் திறந்து, டிஷ்யூவால் நட்டுகளை ஒற்றிப் பார்ப்பது இப்போது அக்கா மகனின் வேலை.